எழுத்து நமது, ஏடு யாருடையது?

'எழுத்து நன்றாயிருந்தாற் போதும். அதனை எந்தக் கருவியில் ஏற்றினால் என்ன?' என்று கேட்போர் நம்மிடையே பலராகிவிட்டனர். இவ்வாறு கேட்பவர்கள் பிற்போக்காளர் அல்லர். மக்கள் இலக்கியம், வர்க்கப் பார்வை, மண்வாசனை என்பன பற்றி மணிக்கணக்கிற் பேசக்கூடிய நண்பர்கள் அவர்கள். நாம் மதிக்கும் ஆசிரியர்கள் சிலரும் அவர்களுள் அடங்குவர். சொந்தமாக ஓர் இணையத்தளமோ வலைப்பதிவோ தொடங்க விழையும் மாணவன் ஒருவன், எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்று அவர்களிடம் வினவினால், 'எது எளிதோ அதை எடு. இது தொழில்நுட்பக்காரரின் வேலை, நமது வேலை எழுதுவது' என்ற விடையே கிடைக்கிறது. இந்த விடை தவறானது மாத்திரமன்று, ஆபத்தானதும் ஆகும் என்பதே நமது வாதம்.

அச்சுக்கூடம் யார் கையிலிருக்கிறது என்று கேளாமல் எந்த முற்போக்கு இயக்கமும் பத்திரிகை நடத்தியதில்லை. காகிதம் எங்கிருந்து வருகிறது, எழுத்துக்களை வார்த்துத் தருபவர் யார், அச்சக உரிமையாளர் நாளை அஞ்சிக் கதவை அடைத்தால் அடுத்த இதழ் எங்கே அச்சாகும் என்பன ஆசிரியர் குழுக்களில் அரசியல் வினாக்களாகவே பேசப்பட்டன. உற்பத்திச் சாதனங்களின் உடைமை பற்றி வகுப்பெடுக்கும் நம்மவர், தம் சொந்த எழுத்தின் உற்பத்திச் சாதனம் பற்றி மட்டும் வாய் திறவாதிருப்பது விந்தையே. முகநூலில் அமர்ந்து ஏகபோகத்தைச் சாடுவதில் உள்ள நகைச்சுவையை அவர்கள் ஏனோ உணர்வதில்லை.

இங்கு நாம் பேசும் கருவி எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். ஒருவர் எழுதியதை வாங்கி வைத்து, தலைப்பும் திகதியும் இட்டு, ஒழுங்குபடுத்தி, வாசகர் கேட்கும்போது பக்கமாக ஆக்கித் தருவது உள்ளடக்க முகாமை மென்பொருள். வேர்ட்பிரஸ், துருப்பல், ஜூம்லா என்பன இவ்வினத்தைச் சேர்ந்தவை. எழுத்து அங்கே தாளில் இருப்பதுபோல் இருப்பதில்லை. தரவுத்தளம் ஒன்றின் கட்டங்களுக்குள் இருக்கிறது. அந்தக் கட்டங்களின் திறவுகோல் எழுத்தாளனிடம் இருக்கிறதா, வேறொருவரிடம் இருக்கிறதா என்பதிலேதான் பிரச்சினை முழுவதும் தங்கியுள்ளது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அறிந்தவர்க்கு இது வெறும் தத்துவ விசாரமன்று. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் அண்ணாவிமாரின் ஏடுகளிலும், பின்னர் கொப்பிகளிலும் வாழ்ந்து வந்தவை. வைகாசிச் சடங்கிற் பாடப்படும் கண்ணகி வழக்குரையும் அவ்வாறே கைப்பிரதி வழியே காக்கப்பட்டது. ஒருவர் வீட்டுப் பிரதி கறையானுக்கு இரையானால் அடுத்த ஊரார் வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' கைப்பிரதிகளிலிருந்தே அச்சேறியது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளோடு அலுமாரிகளையும் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் அழித்தபோது வீட்டு நூலகங்கள் உப்புநீரில் ஊறி மண்ணாயின. இவற்றுக்கிடையே யுத்தமும் இடப்பெயர்வும் அள்ளிச் சென்றவற்றுக்குக் கணக்கே இல்லை. எஞ்சியவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டால் இனிப் புயலும் வெள்ளமும் தொடா என்று நம் ஆசிரியர்களும் மாணவர்களும் நம்புகின்றனர். நம்பிக்கை நியாயமானதே. ஆயின் இணையத்திலும் சூறாவளி உண்டு. அதற்குப் பெயர் கணக்கு மூடல், கட்டண உயர்வு, 'சேவை நிறுத்தப்பட்டது' என்னும் ஒரு வரி அறிவித்தல்.

நாம் நேரிற் கண்ட ஒன்றைச் சொல்லலாம். வாவிக்கரைப் பாடசாலையொன்றின் விழா ஆண்டில் பழைய மாணவர் பணம் திரட்டி இணையத்தளம் ஒன்றை அமைப்பித்தனர். அமைத்துக்கொடுத்த நிறுவனம் தானே எழுதிய மூடிய மென்பொருளை வைத்திருந்தது. வண்ணப் படங்கள் சுழன்றன, அதிபரின் வாழ்த்துச் செய்தி தவழ்ந்தது, எல்லோரும் கைதட்டினர். உயர்தர வகுப்பு மாணவர்கள் இரண்டு தவணைகளாக உட்கார்ந்து கூத்துக் கொப்பிகள் சிலவற்றை அத்தளத்தின் படிவத்திலே தட்டச்சு செய்தனர். ஆண்டுக் கட்டணம் பற்றித் தகராறு எழுந்தபோது தளம் ஒரே நாளில் மறைந்தது. 'எழுத்துக்களை மட்டுமாவது தாருங்கள்' என்று கேட்டதற்கு, அவற்றை வெளியே எடுக்கும் வசதி தமது மென்பொருளில் இல்லை என்று விடை கூறினர். அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே எண்ணுகிறோம். உண்மையாகவே அத்தகைய வசதியை அவர்கள் செய்திருக்கவில்லை. உள்ளே போக வழியும் வெளியே வர வழியின்மையும் கொண்ட கருவி மீனவர் பறி ஒன்றே. மீனுக்கு அது வீடாகத் தோன்றினால் குற்றம் பறியுடையதன்று.

'சொந்தத் தளம் எதற்கு? முகநூலில் எழுதுங்கள், மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள்' என்பது அடுத்த வாதம். இதில் உண்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மக்கள் கூடும் சந்தைக்குப் போய்க் குரல் கொடுப்பது இயக்கக்காரனின் கடமை. ஆனால் சந்தையில் கூவுவது வேறு, சந்தையிலேயே வீட்டுப் பத்திரத்தை வைத்துவிட்டு வருவது வேறு. நேற்று எழுதியது இன்று கீழே இறங்கிவிடும். மூன்றாண்டுக்கு முன் எழுதியதை எழுதியவராலேயே தேடிப் பிடிக்க இயலாது. மேலும், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரங்களின்போது அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் தடை செய்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, நமது நகரின் சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த அந்நாளில், மீண்டும் தடை வந்தது. யார் உயிரோடிருக்கிறார், யாருக்கு இரத்தம் வேண்டும் என்று ஊர் தவித்த நேரத்தில் பழகிய வாயில்கள் எல்லாம் அடைக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் மக்கள் வீதிக்கு வந்தபோது மறுபடியும் தடை. ஒரே வாயிலில் ஊர் முழுவதையும் நிறுத்தி வைத்தால் ஆட்சியாளருக்கு ஒரே தாழ்ப்பாள் போதுமாகிறது. தனித்தளங்களைத் தடை செய்ய முடியாது என்று நாம் கூறவில்லை. 2007இலேயே தமிழ்நெற் தளம் இந்நாட்டில் தடுக்கப்பட்டது. எனினும் ஆயிரம் சிறு வாயில்களை அடைப்பதற்கு ஆயிரம் தாழ்ப்பாள்கள் வேண்டும்.

'அப்படியாயின் இலவச வலைப்பதிவு போதுமே' என்பார் உளர். இந்த 'இலவசம்' என்ற சொல்லைச் சற்று உரசிப் பார்க்க வேண்டியுள்ளது. 1994இல் தொடங்கப்பட்ட ஜியோசிட்டீஸ் எவரும் காசின்றிப் பக்கம் அமைக்க இடங்கொடுத்தது. 1999இல் யாஹூ அதனை வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. உலகெங்கும் சாதாரண மனிதர் தம் கையால் ஆக்கிய பக்கங்கள் இலட்சக்கணக்கில் ஒரே அறிவித்தலில் அழிவுக்குள்ளாயின. தன்னார்வலர் சிலர் இரவு பகலாகப் பிரதியெடுத்திராவிட்டால் மிஞ்சியிருக்கக்கூடியது சொற்பமே. யாஹூவின் கணக்கேட்டில் அவை எழுத்துக்களல்ல, செலவு. புளொக்கரை எடுத்துக்கொள்வோம். 1999இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கியதை 2003இல் கூகுள் வாங்கியது. தமிழ் வலைப்பதிவுலகம் வளர்ந்ததில் அதன் பங்கு பெரிது; 2004இல் தோன்றிய 'தமிழ்மணம்' திரட்டியில் நாளும் வரிசையிட்ட பதிவுகளிற் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது. நன்றி மறப்பது நன்றன்று. ஆயினும் அந்த நிலத்துக்கு உரிமையாளர் கூகுளே, நாம் குத்தகையுமில்லாத குடியிருப்பாளர். 2013இல் தனது 'ரீடர்' சேவையை அதே கூகுள் நிறுத்தியபோது, பதிவுகளை அதன் வழியே பின்தொடர்ந்த வாசகர்களை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

தமிழர் என்ற முறையில் நமக்குள்ள முறைப்பாடு ஒன்றும் இவ்விடத்திற் பதியத்தக்கது. புளொக்கரில் ஆங்கிலத் தலைப்பிட்டால் அத்தலைப்பே பக்கத்தின் முகவரியில் அமைகிறது. தமிழில் தலைப்பிட்டால் அந்த இயந்திரம் அதில் எழுத்தே இல்லை என்று கருதி, 'புளொக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இலக்கத்தையும் ஒட்டிவிடுகிறது. நமது பதிவர்கள் இத்தனை ஆண்டுகளாக எழுதிக் குவித்தவை சிறைக்கைதிகள்போல் இலக்கங்களால் அழைக்கப்படுகின்றன. வேர்ட்பிரஸ் இவ்விடயத்தில் மேலானது. தமிழ்த் தலைப்பை முகவரியில் ஏற்கிறது. ஆனால் அதிலும் ஓர் இடர். கணினியின் முகவரிக் குறியீட்டில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்பது குறிகளாக விரிகிறது. முகவரிக்கென வேர்ட்பிரஸ் ஒதுக்கியுள்ள கட்டத்தின் நீளம் 200. ஆகவே 22 குறிகளுக்கு மேற்பட்ட தலைப்பு நடுவிலே வெட்டுண்டு போகும். 'கொம்பு' என்ற சொல்லில் கொம்பு ஒரு குறி, மெய்யின் புள்ளி இன்னொரு குறி என்று எண்ணப்படுவதால் 22 என்பது நாம் நினைப்பதிலும் குறைவு. முகவரியை நாமே சுருக்கி எழுதினால் இது தீரும். கருவியைத் தொழில்நுட்பக்காரரிடம் விட்டுவிட்ட தமிழாசிரியர் இதனை எப்போது அறியப்போகிறார்? பாமினி எழுத்துருவின் கதையும் இதுவே. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற கூட்டம். ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. இன்றும் பாடசாலைகளில் பாமினியில் வினாத்தாள் அடிக்கப்படுவதைக் காண்கிறோம். எந்த மென்பொருளைத் தெரிவு செய்தாலும் அதற்குள் போகும் எழுத்து ஒருங்குறியாக இல்லையேல் பிற பேச்செல்லாம் வீண்.

மென்பொருளின் உரிமம் என்ற ஒன்று உண்டு. அதனை வாசிப்பவர் அரிதினும் அரிது. 2001இல் வெளிவந்த மூவபிள் டைப் என்னும் மென்பொருள் அக்கால வலைப்பதிவர்களுக்கு உயிர்நாடியாயிருந்தது. 2004 மேயில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது உரிமையாளர் நிபந்தனையை மாற்றினர்: காசின்றிப் பயன்படுத்துவோர் ஓர் எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள் என்ற எல்லைக்குள் நிற்கவேண்டும், மேலே வேண்டுமாயின் பணம். கூட்டாக எழுதிய குழுக்கள் திகைத்தன. அவ்வேளை அவர்களுக்குப் புகலிடமாயிற்று வேர்ட்பிரஸ். அது 2003 மே 27இல் பிறந்தது. பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் ஆக்கிய பி2 என்ற மென்பொருள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அது பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தமையால், மற் முல்லன்வெக்கும் மைக் லிற்றிலும் எவர் அனுமதியும் வேண்டாது அதனை எடுத்து வளர்த்தனர். முதலாமவர் ஓய்ந்தாலும் அவர் உழைப்பு அழியவில்லை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ இயக்கத்தின் பயன் இதுவே: பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம், கொடுக்கும்போது அதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். அண்ணாவியார் ஒருவரின் ஏட்டைப் பார்த்து மற்றொருவர் எழுதிக்கொண்ட மரபுக்கு இதனினும் நெருங்கிய உறவு நவீன உலகில் இல்லை.

இதனைக் கொண்டு வேர்ட்பிரஸ்ஸுக்குப் பூசை செய்யப் புறப்படுவோரையும் நாம் ஆதரிக்கவில்லை. இன்று உலகின் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை அதில் இயங்குகின்றன; அத்தகைய பெரும் பொருள் மூலதனத்தின் கண்ணுக்குத் தப்புமா? 2024 செப்டெம்பரில் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. என்ஜின் என்ற நிறுவனத்துக்கும் எழுந்த மோதலில், மென்பொருளின் புதுப்பித்தல்களை வழங்கும் மையத் தளம் அந்நிறுவனத்துக்கு அடைக்கப்பட்டது. அக்டோபரில் பலரும் பயன்படுத்திய துணைநிரல் ஒன்றையும் மையம் தன் வசமாக்கிக்கொண்டது. டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்டுப் பழைய நிலையை மீட்கக் கட்டளையிட்டது. இரண்டு முதலாளிகள் பொருதியபோது நடுவில் நசுங்கியவர்கள் சாதாரணத் தள உரிமையாளர். மென்பொருள் பொதுவுடைமையாயினும் அதன் விநியோகக் களஞ்சியம் ஒரு தனிமனிதர் கையில் இருந்ததை அப்போதுதான் பலர் அறிந்தனர்.

செலவைப் பற்றியும் பேசாதிருக்க முடியாது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது, மே மாதத்தில் 360ஐ எட்டியது. தள வாடகையையும் பெயர்ப் பதிவையும் டொலரிற் செலுத்திவந்த ஆசிரியரின் சம்பளமோ ரூபாவில் நின்றது. வங்கி அட்டைகளுக்கு வெளிநாட்டுக் கொடுப்பனவு மறுக்கப்பட்டது. அந்த ஆண்டில் வாடகை கட்டவியலாது அணைந்த சிறு தமிழ்த் தளங்களை நாம் அறிவோம். ஆகவே பெயரைப் பதியும்போது நாட்டின் சொந்த ஈறுகளை நோக்குவது நன்று. அவற்றுக்கு ரூபாவிற் கட்டலாம். 2010இல் ஒப்புதல் பெற்ற '.இலங்கை' என்னும் தமிழ் ஈறும் உண்டு. அதை நாடுவோர் இன்னும் சிலரே. பெயர் நமதாயின் மென்பொருளை மாற்றினாலும் இடத்தை மாற்றினாலும் வாசகன் அதே வாசலுக்கு வருவான். பெயர் பிறரதாயின் ஒவ்வொரு முறையும் அநாதையாகவே புறப்படவேண்டும்.

இனி, எதைத் தெரிவு செய்வது? தனியொருவர் எழுதும் தளத்துக்குத் தரவுத்தளமே வேண்டியதில்லை என்பது நமது துணிபு. கட்டுரைகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக, மார்க்டவுன் என்ற எளிய குறியிடலில் எழுதி வைத்துக்கொண்டால், ஹியூகோ, ஜெக்கில் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் அவற்றை ஆயத்தப் பக்கங்களாக ஆக்கித்தரும். அப்பக்கங்களை எந்த வழங்கியிலும் வைக்கலாம். மூலக் கோப்புகள் நம் கணினியில், பென் டிரைவில், நண்பன் வீட்டில் என்று எத்தனை பிரதியும் இருக்கலாம். இடங்கொடுத்த நிறுவனம் கைவிட்டால் வேறிடம் போவது ஒரு மாலை நேர வேலை. மென்பொருளே மறைந்தாலும் கோப்பைத் திறந்து வாசிக்கலாம். உடைத்துப் புகுவோர் குறிவைக்கும் கதவுகளும் மிகக் குறைவு; புதுப்பிக்காமல் விடப்பட்ட துணைநிரல்கள் வழியே வேர்ட்பிரஸ் தளங்கள் களவு போவதைக் கேள்விப்படாத மாதமில்லை.

குழுவாகச் சேர்ந்து நடத்தும் சஞ்சிகைக்கு இது பொருந்தாது. பலர் எழுத, ஒருவர் திருத்த, மற்றொருவர் வெளியிட வேண்டிய இடத்தில் வேர்ட்பிரஸ் உதவும்; சொந்தப் பெயரில், சொந்தமாக நிறுவி, துணைநிரல்களைக் கைவிரல்களுக்குள் நிறுத்தினால். அதன் ஏற்றுமதிக் கோப்பில் கட்டுரைகள் வரும், படங்கள் வாரா, படங்களின் முகவரிகளே வரும் என்பதையும் நினைவில் வைத்துப் படங்களைத் தனியே பிரதி செய்யவேண்டும். ஆவணத் தொகுப்பு வேறு வகை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மீடியாவிக்கியை எடுத்துத் தன்னார்வலர் பலரின் கூட்டுழைப்பில் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் திரட்டிவைத்திருப்பதை வாசகர் அறிவர். துருப்பல் பெரிய நிறுவனங்களுக்கு உகந்தது. ஓர் ஆசிரியரின் வலைப்பதிவுக்கு அதனை எடுப்பது வாவி கடக்கக் கப்பல் வாங்குவதாகும்.

'இதெல்லாம் கடினம், கட்டளை வரிகளை எழுதப் பழக வேண்டுமே' என்று தயங்குவோர்க்கு நாம் அனுதாபம் கொள்கிறோம், ஆனால் உடன்படவில்லை. யாப்பிலக்கணத்தை, அதுவும் வெண்பாவின் தளைகளை, மனனஞ்செய்து பரீட்சையிற் தேறியவர்கள் நாம். பத்துக் கட்டளைகள் நம்மை வெல்லப் போவதில்லை. உயர்தர வகுப்பு மாணவர் இதனை ஒரு சனிக்கிழமையிற் கற்றுக்கொள்கின்றனர். உண்மையான தடை கடினம் அன்று. 'பார்வைக்கு எடுப்பாயிருக்க வேண்டும்' என்ற மோகம். விலைக்கு விற்கப்படும் அலங்கார வார்ப்புருக்களை அடுக்கிய தளத்தை, நகரத்தில் நல்ல இணைப்போடு பார்ப்பவர் மெச்சுவார். வெல்லாவெளியிலோ பட்டிப்பளையிலோ தந்தையின் கைப்பேசியில் அன்றைய தரவுப் பொதியின் மிச்சத்தோடு திறக்கும் மாணவி, சுழலும் படங்கள் வந்து முடியுமுன் மூடிவிடுவாள். அவளுக்கு வேண்டியது எழுத்து. ஆயத்தப் பக்கம் அதனைச் சில கணங்களிற் கொடுக்கும். எந்த வாசகரை மனத்திற்கொண்டு கருவியைத் தெரிவு செய்கிறோம் என்பதும் வர்க்கப் பார்வை சார்ந்ததே.

மறுபக்கத்தில், தூய்மை பேசியே காலங்கழிப்போர் சிலரும் உள்ளனர். முழுமையாகக் கட்டற்ற மென்பொருள், முழுமையாகச் சொந்தமான வழங்கி, இவையெல்லாம் கிடைத்த பிறகே முதலெழுத்தை எழுதுவோம் என்பது அவர்கள் கொள்கை. மூன்றாண்டுகளாக மென்பொருள்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டவர் ஒருவரை அறிவோம். அவர் தளத்தில் இன்றுவரை 'விரைவில்' என்ற சொல்லைத் தவிர வேறெழுத்தில்லை. இவர்களோடு வாதிடுவதிற் பயனில்லை. புளொக்கரில் நூறு நல்ல பதிவுகளை எழுதியவர் இவர்களைவிட நூறு மடங்கு மேலானவர். அவரிடம் நாம் கேட்பது, மாதத்துக்கொரு முறை எல்லாப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்து தம்மிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுமாறும், இயன்றபோது சொந்தப் பெயருக்கு மாறுமாறும் மட்டுமே.

மேலே கூறிய பாடசாலையின் தளம் மீளவில்லை. ஆனால் கொப்பிகளுள் ஒன்றின் உரிமையாளர் அதனை மறுபடியும் தந்திருக்கிறார். இம்முறை மாணவர் அதனை எழுத்துக் கோப்புகளாகவே ஒருங்குறியில் அடித்து வருகின்றனர். ஆக்கிய பக்கங்களைப் பென் டிரைவில் ஏற்றி, இணைப்பு வசதியில்லாத படுவான்கரைப் பாடசாலையொன்றின் கணினி அறைக்கும் கொடுத்தாயிற்று. உலாவியிற் சொடுக்கினால் இணையமின்றியே திறக்கிறது. வரவுப் பாட்டுக்களும் முதற் கொலுவும் முடிந்துள்ளன. எஞ்சியது அடுத்த தவணை விடுமுறையில் நிறைவுறும்.